பயிற்சியில் தாண்டுகிற பிள்ளை போட்டியில் ஃபவுல் ஆனால்: மனப் பயிற்சிக்கு எந்த வழி?

போன மாதம் ஒரு மாலை, ரன்-அப் (தாண்டுமுன் ஓடிவருகிற தூரம்) அளக்கிற டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா மைதானத்துக்கு வந்தார். மகள் பதினோராம் வகுப்பு. நீளம் தாண்டுகிறாள். பயிற்சியில் 5.20 மீட்டரை அலட்டிக்கொள்ளாமல் தாண்டுவாள். போன வருடம் மாவட்டப் போட்டியில் மூன்று முயற்சியும் ஃபவுல், கால் எம்புகிற பலகையைத் தாண்டிப் போய்விட்டது. இந்த வருடம் குறுவட்டத்தில் இரண்டு ஃபவுலுக்குப் பிறகு, பயந்துபோய் பலகைக்கு ஓரடி முன்னாடியே எம்பி, 4.70 தாண்டித் தப்பித்தாள். மாவட்டப் போட்டிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

"சார், டெக்னிக்ல குறை இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப மனசுதானே? ரெண்டு நாள் மோட்டிவேஷன் கேம்ப் ஒண்ணு போடறாங்களாம். என் தம்பி ஆன்லைன்ல ஸ்போர்ட்ஸ் சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கறான். அவங்க அம்மா தியான கிளாஸ்ல சேத்துடலாம்ங்கறா. கையில 15,000 ரூவா இருக்கு. எதுல போடட்டும்?"

கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம் அது. அதனால் நின்றபடியே ஒரு பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் அடுத்த இரண்டு மூன்று நாளில் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற பெற்றோர் நிறையப் பேர், பி.இ.டி. ஆசிரியர்களும் உண்டு.

முதலில், "மனசுதான் பிரச்சினை" என்கிற பேச்சைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் கிடக்கின்றன. பயிற்சியில் வருவது போட்டி நாளில் வராமல் போவது ஒன்று. மைதானத்துக்கு வரவே பிடிக்காமல் போவது இன்னொன்று. மூன்றாவது, உடம்பும் மனமும் நோய்ப்பட்டிருப்பது. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் பணமும் போகும், பருவமும் போகும்.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் தேர்வுக்கே இடமில்லை. தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, காரணமில்லாமல் அழுகிறாளா, பெண் பிள்ளையானால் மாதவிடாய் சில மாதமாக நின்றுபோயிருக்கிறதா, "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கேம்ப்பும் வேண்டாம், மைண்ட் கோச்சும் வேண்டாம். மருத்துவரிடம் போங்கள். பயிற்சிக்குத் தேவையான அளவு சாப்பிடாத பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும், எலும்பு பலம் குறைவதும், எரிச்சலும் சோர்வும் கூடுவதும் விளையாட்டு மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம். அதை "மன உறுதி இல்லை" என்று எடுத்துக்கொண்டு திட்டுவது பாவம். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியில் ஒரு வால்ட்டோடு விலகியபோது, பயந்துவிட்டார் என்று எத்தனை பேர் பேசினார்கள்! காற்றில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறது என்கிற உணர்வே அவருக்கு அறுந்துபோயிருந்தது. அந்த நிலையில் தாவினால் கழுத்து முறியும். அவர் நிறுத்தினார், சிகிச்சை எடுத்தார், 2024-இல் பாரிசில் மூன்று தங்கம் வாங்கினார். நிறுத்தத் தெரிவதும் மனத் திறன்தான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதை வைத்துத்தான்.

அடுத்தது ஆசை வற்றிப்போவது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். அப்பா அம்மா பக்கத்தில் இல்லாதபோது கேட்பேன்: "ஏம்மா, இந்த வருஷம் போட்டியே கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது, சும்மா தாண்டிட்டுப் போலாம்னா நாளைக்கு வருவியா?" அந்தப் பெண் யோசிக்கவே இல்லை, "வருவேன் சார்" என்றாள். ஆக அவளுக்கு ஆசைக்குக் குறைவில்லை. தயங்குகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு வேறு பாதை.

நம் ஊரில் ஊக்கம் என்றால் பரிசு என்று நினைக்கிறோம். மெடல் வாங்கினால் போன், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. இவை பொய்யில்லை. பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியவை, நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் சிறு குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வு என்னை எப்போதும் உறுத்தும். படம் வரையத் தானாகவே ஆசைப்பட்ட குழந்தைகளிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகள் சும்மா இருக்கிற நேரத்தில் வரைவது குறைந்துபோயிருந்தது. டெசி, ரையன் என்கிற இரண்டு உளவியலாளர்கள் பல ஆண்டு உழைத்துச் சொன்னது இதோடு சேரும். தான் தேர்ந்தெடுத்தோம் என்கிற உணர்வு, தேறி வருகிறோம் என்கிற உணர்வு, இவர்களெல்லாம் நம் ஆட்கள் என்கிற உணர்வு: இந்த மூன்றும் இருந்தால் ஆசை தானே நிற்கும். ஆசை வற்றிய பிள்ளைக்கு 15,000 ரூபாயில் வாங்கித் தர எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் பயிற்சியை அவளே திட்டமிடட்டும். சக தோழி ஒருத்தி கூட வரட்டும். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் மீட்டர் கணக்குப் பேசாமல் இருங்கள். அது போதும்.

நம் பெண்ணின் சிக்கல் முதல் வகை. போட்டி நாளில் கால் பலகையைத் தாண்டிவிடுகிறது. இதற்கு முன்னால் இருக்கிற ஐந்து வழிகளை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மோட்டிவேஷன் கேம்ப்

இதற்கு என் கணக்கில் கடைசி இடம். அங்கே போகிற பிள்ளைகள் இரண்டு நாள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விவரம் கவனியுங்கள். போட்டி நாளில் இந்தப் பெண்ணுக்கு உற்சாகம் குறைவாக இல்லை, அளவுக்கு மேல் இருக்கிறது. இதயம் அடித்துக்கொள்ள, பயிற்சியில் ஓடுவதைவிட வேகமாக, எட்டு நீண்டு ஓடுகிறாள். பதினாறு காலடி வைக்கிற ரன்-அப்பில் ஒரு காலடிக்கு ஓர் அங்குலம் கூடினாலே கடைசியில் பதினாறு அங்குலம் கூடிவிடும். பலகையின் அகலமே 20 சென்டிமீட்டர்தான். மனப் பரபரப்பு ஒரு அளவு வரை திறனைக் கூட்டும், அதைத் தாண்டினால் குறைக்கும் என்கிற கருத்து, யெர்க்ஸும் டாட்சனும் 1908-இல் எலிகளிடம் செய்த சோதனையிலிருந்து வளர்ந்தது. கொதிக்கிற பாலுக்கு அடியில் இன்னும் விறகு தள்ள வேண்டுமா?

தியானம், யோகா

செலவு குறைவு, தூக்கத்துக்கு நல்லது, ஆயுசுக்கும் உதவும். அம்மாவின் ஆசையில் தவறில்லை. ஆனால் கவனத்தைப் பழக்கும் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் எட்டு வாரம் என்று வகுக்கப்பட்டவை, தினமும் செய்தால்தான் பிடிபடும். போட்டிக்கு முந்தைய வாரம் சேர்த்துவிடுவதில் பயன் இல்லை. இன்னொன்று, கண்ணை மூடி அறைக்குள் உட்கார்ந்து வருகிற அமைதி, மைக் அலறுகிற மைதானத்துக்குத் தானாக நடந்து வந்துவிடாது. அதை யாராவது கைப்பிடித்துக் கூட்டி வர வேண்டும். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக. நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. பெயர் அழைத்ததும் தாண்டுபவருக்கு ஒரு நிமிடம் இருக்கிறது. மூன்று மூச்சுக்கு அரை நிமிடம் ஆகும், மீதி அரை நிமிடம் ஓடப் போதும்.

தானே செய்யும் பயிற்சி

இதற்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டும், தினம் பதினைந்து நிமிடமும்.

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1994-இல் டிரிஸ்கெல் என்பவரும் உடன் இருந்தவர்களும் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். உடம்பால் பழகுவதைவிட அதன் பலன் குறைவு, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நிச்சயம் அதிகம், நாளாக ஆக அந்தப் பலன் தேயும் என்பது முடிவு. எனவே இதை விட்டுவிட்டுச் செய்யக் கூடாது. படுக்கையில் படுத்துக்கொண்டு மெடல் வாங்குவதாகக் கற்பனை செய்வதும் இதில் சேராது. ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டு ரன்-அப் மார்க்கில் நிற்க வேண்டும், காற்று முகத்தில் படுவது உட்பட, உண்மையில் ஓட எத்தனை நொடி ஆகுமோ அத்தனை நொடியில் மனதுக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பேன். பதற்றக்காரப் பிள்ளைகள் மனதுக்குள்ளேயே இரண்டு நொடி முன்னால் ஓடி முடித்துவிடுவார்கள்! அதைச் சரிசெய்வதே பாதி வேலை.

இரண்டாவது, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதை நம் எல்லோருக்கும் தெரியும். "ஃபவுல் பண்ணிடாதே" என்று சொல்லிக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்கு ஃபவுல்தான் நினைப்பில் நிற்கும், கண் பலகைக்குப் போகும். நீளம் தாண்டுபவர்களின் காலடிகளைப் படம் பிடித்து அளந்த டேவிட் லீ குழுவினர் 1982-இல் காட்டியது அழகான விஷயம். தேர்ந்தவர்கள்கூட எல்லா அடியையும் அச்சடித்த மாதிரி ஓடுவதில்லை, கடைசிச் சில அடிகளில் கண் தானாகவே அளந்து காலைத் திருத்திக்கொள்கிறது. தலையைத் தொங்கப் போட்டால், யோசித்து யோசித்து அடி வைத்தால், அந்தத் தானியங்கித் திருத்தம் கெடுகிறது. எனவே சொல் ஒன்று, அதுவும் செய்ய வேண்டியதைச் சொல்கிற சொல். இந்தப் பெண் தேர்ந்தெடுத்தது "நிமிர்". நான் கொடுக்கவில்லை, அவளே எடுத்தது.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அமெரிக்க நீளம் தாண்டும் வீரர் பாப் பீமன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக், தகுதிச் சுற்றில் முதல் இரண்டும் ஃபவுல். ஒரே வாய்ப்புதான் மிச்சம். அதே போட்டியில் தாண்டிய மூத்தவர் ரால்ஃப் பாஸ்டன் அவரிடம் வீர உரை எதுவும் ஆற்றவில்லை. பலகைக்கு முன்னாலேயே எம்பு, தகுதி பெற அது போதும் என்றார். பீமன் அப்படியே செய்து உள்ளே போனார். மறுநாள் 8.90 மீட்டர். பழைய உலக சாதனையைவிட 55 சென்டிமீட்டர் கூடுதல், 1991 வரை யாரும் தொடவில்லை. நெருக்கடியில் மனதுக்கு வேண்டியது செய்யக்கூடிய ஒரு சிறு வேலை. பாஸ்டன் கொடுத்தது அதைத்தான்.

இந்த வழியின் குறை, பதினாறு வயதில் தனியாகச் செய்தால் பத்து நாளில் நோட்டு மூலையில் கிடக்கும். வாரம் ஒருமுறை யாராவது திறந்து பார்க்க வேண்டும்.

பயிற்சிக்குள்ளேயே போட்டியைக் கொண்டுவருவது

மூன்று மாத அவகாசத்துக்கு என் முதல் தேர்வு இது. இதைச் செய்ய வேண்டியவர் பயிற்சியாளர். நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்தில் ஊடெயன்ஸ் என்ற ஆய்வாளர் செய்த சோதனை ஒன்று. டார்ட்ஸ் எறியப் பழகுகிறவர்களில் ஒரு பிரிவினரை மலையேற்றப் பயிற்சிச் சுவரில், கொஞ்சம் பயம் வருகிற உயரத்தில் நிற்கவைத்து எறியச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் தரைக்குப் பக்கத்தில் வசதியாக எறிந்தார்கள். பிறகு சோதனையில் பதற்றம் கூடியபோது, வசதியாகப் பழகியவர்கள் தடுமாறினார்கள், லேசான பயத்தோடு பழகியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். எப்போதும் மிகப் பெரிய பயம் தேவையில்லை, லேசான பயமே போதுமாக இருந்தது என்பதுதான் இதில் முக்கியம்.

நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் பயிற்சியாளர் பாப் போமன் முன்பு ஒரு போட்டியில் வேண்டுமென்றே அவர் நீச்சல் கண்ணாடியைக் கெடுத்து, தண்ணீர் ஏறிய கண்ணாடியோடு நீந்தவைத்தார். 2008 பெய்ஜிங்கில், 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் உண்மையிலேயே கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஃபெல்ப்ஸ் கை வீச்சை எண்ணிக்கொண்டே சுவரைத் தொட்டார், உலக சாதனை. அதே பெய்ஜிங்கில், துப்பாக்கி சுடும் இறுதியில், அபினவ் பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹெக்கினனும் கடைசிக் குண்டுக்கு முன் சம புள்ளியில் நின்றார்கள். பிந்த்ரா சுட்டது 10.8. உயரம் என்றால் பயப்படும் மனிதர் அவர். அந்தப் போட்டிக்கு முன்னால் ஜெர்மனியில் ஓர் உயரமான கம்பத்தின் உச்சி வரை ஏறிப் பயத்தோடு நின்று பழகியவர்.

நம் மண் மைதானத்தில் என்ன செய்ய முடியும்? நிறைய. சனிக்கிழமை மட்டும் மூன்றே முயற்சி, நான்காவது கேட்டாலும் கிடையாது. வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி. ஒரு நிமிடக் கடிகாரம். வார்ம்-அப் முடிந்ததும் நாற்பது நிமிடம் வெயிலில் சும்மா காத்திருக்க வேண்டும், ஏனென்றால் குறுவட்டத்தில் அப்படித்தான் காக்கவைப்பார்கள். பக்கத்து மைதானத்து வாலிபால் அண்ணன்களை அழைத்து மணல் குழியைச் சுற்றி நிற்கவைப்பேன். முதல் முயற்சிக்கு யார் எப்படித் தாண்டினாலும் சிவப்புக் கொடிதான் தூக்குவேன் என்று சில நாள் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஒரு ஃபவுலோடு இரண்டாவது முயற்சிக்கு நடந்து வருவதே ஒரு தனிப் பாடம் அல்லவா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. திட்டுவதும் மிரட்டுவதும் இந்தப் பயிற்சி ஆகாது. பல வருடம் முன்பு ஒரு பையனின் மூன்றாவது முயற்சிக்கு முன்னால் நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, "இதுவும் போச்சுன்னா அவ்ளோதான், பாத்துக்க" என்று கத்தினேன். அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே ஓடினான். எம்பவே இல்லை. மணலுக்குள் ஓடிப்போய் நின்றான், திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. சூழ்நிலை கடினமாக இருக்கலாம், பயிற்சியாளர் அவள் பக்கம் இருப்பதில் மட்டும் சந்தேகமே வரக் கூடாது.

விளையாட்டு உளவியலாளர்

குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது, அவருடைய மனப் பயிற்சியாளர் பேடி அப்டன் பெயரை எல்லா வீட்டிலும் உச்சரித்தார்கள். 2011 உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் அணியோடு இருந்தவர், பாரிசில் வெண்கலம் வாங்கிய ஹாக்கி அணியோடும் இருந்தவர். குகேஷ் முதல் ஆட்டத்தில் தோற்று, மூன்றாவதில் வென்று, பதினான்காவதில் முடித்தார். அந்த மீண்டு வருதலுக்குப் பின்னால் ஒரு துணை இருந்தது உண்மை. ஆனால் பல வருட ஆட்டப் பயிற்சிக்கு மேல் வந்த துணை அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று சந்தர்ப்பத்தில் பணத்தை இங்கேதான் போட வேண்டும் என்பேன். காயத்திலிருந்து மீண்டு வருகிற பிள்ளை காலை ஊன்றவே அஞ்சும்போது. நான்கைந்து போட்டியாக ஒரே தடுமாற்றம், எதற்கும் அசையவில்லை என்னும்போது. பயிற்சியாளரோ பெற்றோரோதான் பயத்துக்குக் காரணம் என்னும்போது. கடைசியாகச் சொன்னதை நாங்கள், பயிற்சியாளர்கள், ஒப்புக்கொள்ள மாட்டோம். அதனால்தான் வெளி ஆள் தேவை.

தேர்ந்தெடுக்கும்போது படிப்பைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்கும், எண்ணைக் கேட்டால் சொல்வார்கள். மைண்ட் கோச் என்று பலகை மாட்ட அப்படி ஒரு பதிவும் வேண்டியதில்லை. பிள்ளை சொல்வதை எனக்கும் சொல்வீர்களா என்று கேளுங்கள். "அவள் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன்" என்பவர் சரியான ஆள். ஒரு அமர்வின் கட்டணத்தோடு எத்தனை அமர்வு என்பதையும் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு அமர்வில் பெரிதாக எதுவும் மாறாது. ஆன்லைன் பரவாயில்லை, தமிழில் பேசுகிறவராக இருந்தால். பயத்தை வேற்று மொழியில் சொல்ல இந்த வயதில் வராது.

அந்த அப்பாவிடம் நான் சொன்னது இது. கேம்ப் வேண்டாம். தியான வகுப்பு போட்டி முடிந்தபிறகு ஆற அமரச் சேரட்டும், இப்போதைக்கு மூச்சு மட்டும் போதும். நோட்டு அவள் எழுதட்டும், ஞாயிறு நான் பார்க்கிறேன். சனிக்கிழமை மூன்று முயற்சி. 15,000 ரூபாயை அப்படியே வைத்திருங்கள். ஆறு சனிக்கிழமை, பதினெட்டு தாண்டல். அதில் எத்தனை ஃபவுல் என்று நோட்டில் எழுதிவைப்போம். முதல் மூன்று வாரத்தைவிட அடுத்த மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால், ஏழாவது வாரம் உளவியலாளரிடம் போவோம், அப்போதும் ஐந்தாறு வாரம் கையில் இருக்கும்.

"நீங்க வரலாமா சார், சனிக்கிழமை பார்க்க?" என்று அவர் கேட்டார். தவறுதலாக என்னைக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது, தான் வரலாமா என்று கேட்கத் தயங்குகிறார். வாங்க அண்ணே என்றேன். வாலிபால் பசங்களோடு நில்லுங்க, தாண்டி முடிச்சதும் எத்தனை மீட்டர்னு கேக்காதீங்க, வீட்டுக்குப் போற வழியில டீ வாங்கிக் குடுங்க.

இரண்டு சனிக்கிழமை ஆகியிருக்கிறது. ஆறு தாண்டலில் நான்கு ஃபவுல். நோட்டில் அவள் கையெழுத்தில், நான்காவது ஃபவுலுக்கு எதிரே எழுதியிருக்கிறது: "இது இரண்டு விரல்தான்."